பி.சி.ஓ.எஸ் என்றார்கள், எடை மட்டும் இறங்க மறுக்கிறது

கேள்வி: எனக்கு 28 வயது. உயரம் 158 செ.மீ., எடை 76 கிலோ. இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒரு முறைதான் மாதவிலக்கு வருகிறது. ஸ்கேன் பார்த்துவிட்டு பி.சி.ஓ.எஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்றார்கள். தைராய்டு நார்மல். நான்கு மாதங்களாக இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். காலையில் வெல்லம் போட்ட சத்துமாவுக் கஞ்சி, மாலையில் அரை மணி நேர நடை. ஒரு கிலோகூடக் குறையவில்லை. வேறு ஏதாவது நோய் இருக்குமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: வாய்ப்பு குறைவுதான். ஆனாலும் அதை விலக்காமல் விட்டுவிடக் கூடாது.

மாதவிலக்குத் தள்ளிப்போவது, ஆண் ஹார்மோன் மிகுதி (முகத்தில் முரட்டு முடி, தீராத பரு அல்லது ரத்தப் பரிசோதனையில் தெரிவது), ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் பி.சி.ஓ.எஸ் என்று கொள்ளலாம். ஒரு நிபந்தனை உண்டு: இதே தோற்றம் தரும் மற்ற நோய்கள் இல்லை என்று உறுதியாக வேண்டும். தைராய்டு பார்த்தாயிற்று. புரோலாக்டின், 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களுக்கான ரத்தப் பரிசோதனைகள் செய்தார்களா என்று உங்கள் ரிப்போர்ட்டில் பாருங்கள். ஸ்கேன் சென்டர் தாளில் இருக்கும் ஒற்றை வரியை நம்பி மாத்திரை தொடங்குவது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம்.

இன்னொன்று, அட்ரீனல் சுரப்பியில் சுரக்கும் கார்டிசால் ஹார்மோனின் மிகுதி. இது அரிது. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை, லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றுகிறது, வயிற்றில் விரல் அகலத்துக்குக் கருஞ்சிவப்பு வரிகள் என்றிருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். சாப்பிடும் மருந்துகளையும் சொல்லுங்கள். ஸ்டீராய்டும், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட்டும், சில மனநல மருந்துகளும் எடையை ஏற்றும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

இனி எடை. பி.சி.ஓ.எஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கும். அந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகரிக்கும். கொழுப்பு கரைவதையும் தடுக்கும். கழுத்தின் பின்புறம் அழுக்குப்போல் கருத்து, தேய்த்தாலும் போகாமல் இருக்கிறதா? அது இதன் அடையாளமாக இருக்கலாம். 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கஞ்சிக்கு வருகிறேன். முழுத் தானியம் உடம்புக்கு நல்லதுதான். அதையே வறுத்து, நைசாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சி, வெல்லமும் போட்டால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். பதினொரு மணிக்குப் பசிக்கும். அப்போது டீயும் பிஸ்கட்டும் வந்துசேரும். கடிதத்தில் நீங்கள் அதை எழுதவில்லை. பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை! இரவு பட்டினி கிடந்தவருக்கு மறுநாள் மதியம் சோறு தன்னையறியாமல் கூடும். பி.சி.ஓ.எஸ்ஸுக்கென்று தனி உணவுமுறை எதுவும் மற்றவற்றைவிட மேலானதாக நிரூபணமாகவில்லை. கஞ்சிக்குப் பதில் இரண்டு முட்டையோ, பாசிப்பயறு அடையோ சாப்பிடுங்கள். மதியம் சோற்றைப் பாதியாக்கி, காயையும் சுண்டலையும் கூட்டுங்கள். இரவு சீக்கிரம், கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

நடை வாரத்துக்கு 250 நிமிடமாவது ஆகட்டும். தசைக்கு வேலை தரும் பயிற்சி வாரம் இரண்டு நாள் அவசியம். இதைத்தான் நம் பெண்கள் தவிர்க்கிறார்கள். நாற்காலியிலிருந்து பிடிக்காமல் எழுந்து உட்காருவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது என்று தொடங்கினால் போதும். எடை மெஷினை மட்டும் நம்பாமல் இடுப்புச் சுற்றளவையும் குறித்து வையுங்கள், 80 செ.மீ.க்குள் வர வேண்டும். 76 கிலோவில் நான்கு கிலோ குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகத் தொடங்கும்.

பலன் இல்லாவிட்டால் சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேசலாம். அது சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவும். எடையில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கருமுட்டை வெளியாவதையும் அது தொடங்கிவைக்கலாம் என்பதால், இப்போது குழந்தை வேண்டாம் என்றால் கருத்தடை முறை தேவை. மாதவிலக்கு மூன்று மாதம் தாண்டினால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பம் இல்லையென்றால், மாதவிலக்கை வரவழைக்கும் புரொஜெஸ்டிரோன் மாத்திரைக்காக மருத்துவரைப் பாருங்கள். கருப்பை உட்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல.