உரிமம் வாங்கிய கட்டுரையும் கூகுள் தேடலும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளுக்காக ஓர் இணையதளம் ஆரம்பித்தேன். எழுத நேரம் கிடைக்காததால், பிஎல்ஆர் கட்டுரைகள் நூறு அடங்கிய தொகுப்பு ஒன்றை வாங்கி அப்படியே ஏற்றிவிட்டேன். மாதக்கணக்கில் ஆகியும் கூகுள் வழியாக ஆள் வருவதே இல்லை. திருடவில்லையே, காசு கொடுத்து உரிமத்தோடுதானே வாங்கினேன்? எதற்கு இந்தத் தண்டனை?

பதில்: இது பெரும்பாலும் தண்டனையாக இருக்காது, முதலில் அந்தக் கவலையை விடுங்கள். ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் இருந்தால் கூகுள் தண்டித்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படித் தனியாக ஒரு தண்டனை கிடையாது என்று கூகுளே 2008-லேயே விளக்கம் கொடுத்துவிட்டது. நடப்பது வேறு. ஒரே வாசகம் உள்ள பக்கங்கள் எத்தனை இருந்தாலும் அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, அதில் ஒன்றை முதன்மைப் பக்கமாக வைத்துக்கொண்டு, தேடுகிறவருக்கு அதைத்தான் காட்டும். மற்றவை பின்னால் போய்விடும். பிஎல்ஆர் என்பது பிரைவேட் லேபிள் ரைட்ஸ்; எழுதியவர் அதே கட்டுரையைப் பல பேருக்கு விற்பார், வாங்கிய ஒவ்வொருவரும் தன் பெயரைப் போட்டு வெளியிட்டுக்கொள்ளலாம். உங்களுக்கு முன்பே வாங்கி வெளியிட்டவர்களில் யாருடைய தளம் பழையதோ, யாருக்கு வெளியிலிருந்து நல்ல இணைப்புகள் இருக்கின்றனவோ, முதன்மை இடம் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் போகும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். கட்டுரையின் நடுப்பகுதியிலிருந்து எட்டுப் பத்துச் சொல் உள்ள ஒரு வாக்கியத்தை எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். முதல் பத்தி வேண்டாம், அதை மட்டும் மாற்றி எழுதிவிட்டு மீதியை அப்படியே விடும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. பல சமயம் சில முடிவுகளைக் காட்டிவிட்டு, இவற்றைப் போலவே இருக்கும் மற்றவற்றை விட்டுவிட்டோம் என்ற பொருளில் கீழே ஒரு குறிப்பு வரும். விடுபட்டவற்றையும் காட்டச் சொன்னால் உங்கள் பக்கம் அந்தக் கூட்டத்தில் எங்காவது இருக்க வாய்ப்பு அதிகம். தளம் நடத்துகிறவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியிலும் பாருங்கள், 'நகல் பக்கம், கூகுள் வேறொன்றை முதன்மையாக எடுத்திருக்கிறது' என்ற வகையிலோ, 'வந்து படித்தோம், இன்டெக்ஸில் (தேடல் பட்டியலில்) சேர்க்கவில்லை' என்ற வகையிலோ உங்கள் பக்கங்கள் குவிந்திருந்தால் காரணம் இதுதான்.

உரிமம் என்பது உங்களுக்கும் விற்றவருக்கும் நடுவில் உள்ள ஒப்பந்தம். வழக்கு வராமல் அது உங்களைக் காப்பாற்றும். தேடுபொறி உங்களை முன்னால் காட்ட அது ஒரு காரணமே ஆகாது. பத்திரிகை உலகத்தில் இந்த ஏற்பாடு ரொம்பப் பழையது. 1846-ல் தொடங்கிய அசோசியேட்டட் பிரஸ் மாதிரியான செய்தி நிறுவனங்கள் ஒரே செய்தியைப் பல பத்திரிகைகளுக்குக் கொடுத்தன, அது நன்றாகவே நடந்தது. ஏனென்றால் ஒவ்வொரு ஊர் வாசகரும் அவருடைய ஊர்ப் பத்திரிகை ஒன்றைத்தான் வாங்கினார். இணையத்திலோ எல்லாப் பத்திரிகைகளையும் ஒரே மேசையில் பரப்பி வைத்த மாதிரி, ஒரே செய்தியைப் பத்து முறை பார்க்க யாருக்கும் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றிரண்டு பக்கம் இப்படி இருந்தால் பாதகமில்லை. தளம் முழுக்க இதுவே என்றால் கதை மாறும். 2011 பிப்ரவரியில் கூகுள் தன் தரவரிசை முறையில் கொண்டுவந்த பாண்டா என்ற மாற்றம் அமெரிக்காவில் 11.8 சதவீதத் தேடல்களின் முடிவுகளை மாற்றியது. விஷயமே இல்லாத, நகலெடுத்த பக்கங்கள் நிறைய இருந்தால் அந்தத் தளத்தின் நல்ல பக்கங்களும் சேர்ந்து சரியும் என்பதைப் பலரும் அப்போதுதான் பார்த்தார்கள். 2022 ஆகஸ்டில் வந்த ஹெல்ப்ஃபுல் கண்டென்ட் மாற்றமும் தளத்தை மொத்தமாகவே எடைபோட்டது, 2024 மார்ச்சில் அதைத் தரவரிசையின் அடிப்படை முறையிலேயே சேர்த்துவிட்டார்கள். உங்கள் நூறு கட்டுரைகளும் மாற்றமே இல்லாமல் இருக்கின்றன என்றால், அடுத்து நீங்கள் கஷ்டப்பட்டுச் சொந்தமாக எழுதும் கட்டுரையையும் அவை கீழே இழுக்கக்கூடும்.

கேள்வி: சொற்களை மாற்றித் தரும் மென்பொருள் இருக்கிறதே, அதில் போட்டு எடுத்தால் புதுக் கட்டுரை ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் அந்த ஆசையே போய்விடும். 1997-லேயே ஆல்டாவிஸ்டா தேடுபொறிக்காக ஆண்ட்ரே ப்ரோடர் என்ற கணினி அறிவியலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டுரையை அடுத்தடுத்து வரும் சில சொற்கள் கொண்ட துண்டுகளாக வெட்டுவது. முதல் துண்டில் 1 முதல் 4 வரையிலான சொற்கள், அடுத்ததில் 2 முதல் 5 வரை, அப்புறம் 3 முதல் 6 வரை, இப்படியே கடைசி வரை. இரண்டு கட்டுரைகளுக்கும் பொதுவான துண்டுகள் எத்தனை என்று பார்த்தால் எது நகல் என்று தெரிந்துவிடும். இப்போது நீங்கள் ஒவ்வொரு பத்தாவது சொல்லையும் மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறிய ஒரு சொல் நான்கு துண்டுகளைக் கெடுக்கும், பத்துக்கு ஆறு துண்டு அப்படியே நிற்கும். தற்செயலாக இரண்டு கட்டுரைகள் அவ்வளவு ஒத்துப்போகவே போகாது. 2007-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் ஒவ்வொரு பக்கத்தையும் 64 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) கொண்ட ஓர் எண்ணாகச் சுருக்கி, அதில் 3 பிட்டுகள் வரை வேறுபட்டாலும் கிட்டத்தட்ட ஒரே பக்கம் என்று பிடிக்கும் முறை இருக்கிறது. 800 கோடிப் பக்கங்களை வைத்து அதைச் சோதித்திருக்கிறார்கள். அதெல்லாம் அந்தக் காலம், இன்றைக்குப் பொருளையே ஒப்பிடும் முறைகள் வந்துவிட்டன.

அதோடு, சொல்லுக்குச் சொல் மாற்றிய தமிழைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? 'வேர் அழுகிவிடும்' என்பது 'மூலம் கெட்டுப்போகும்' என்று வரும். படிக்கிறவர் ஒரு வரியிலேயே மூடிவிட்டுப் போய்விடுவார். தேடுபொறியை ஏமாற்றினாலும் அவரை என்ன செய்வீர்கள்? கூகுளின் ஸ்பேம் விதிகளில் 2024 மார்ச்சில் சேர்த்த பெருமளவு உள்ளடக்கத் தயாரிப்பு பற்றிய பகுதி, இப்படித் தானியங்கியாகச் சொல் மாற்றிப் பயனில்லாத பக்கங்களைக் குவிப்பதை வெளிப்படையாகவே சொல்கிறது. அதில் மாட்டினால் அது நிஜமான தண்டனை.

கேள்வி: அப்படியானால் பிஎல்ஆர் வாங்கவே கூடாது என்கிறீர்களா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. கச்சாப்பொருளாக வாங்குங்கள். வெற்றுத்தாளைப் பார்த்தால் கை ஓடாதவர்களுக்கு அது நிஜமாகவே உதவும். தலைப்பு, உட்தலைப்பு, எதை முதலில் சொல்வது என்ற வரிசை எல்லாம் கையில் கிடைத்துவிடுகிறது. எழுத்தை மட்டும் அப்படியே வைக்காதீர்கள்.

முதல் கேள்வி கேட்டவரின் செடியையே எடுத்துக்கொள்வோம். இந்த மாதிரித் தொகுப்புகளில் வரும் வாக்கியம் இப்படித்தான் இருக்கும்: 'செடிகளுக்குப் போதுமான அளவு தண்ணீர் ஊற்றுவது அவசியம். அதிகமாக ஊற்றினால் செடி பாதிக்கப்படும்.' தப்பே இல்லை, பயனும் இல்லை. போதுமான அளவு என்றால் எவ்வளவு? அதைத்தானே தேடி வந்தார் அந்த மனிதர்! செடி வளர்க்கிற உங்களுக்கு அது தெரியும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் இன்றைக்கு ஊற்ற வேண்டாம். சிறிய தொட்டி என்றால் தூக்கிப் பாருங்கள், ஊற்றியவுடன் இருந்த கனம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கைக்கே தெரியும். இலை தொங்குவதைப் பார்த்தவுடன் தண்ணீரை எடுக்காதீர்கள், வேர் அழுகினாலும் இலை தொங்கத்தான் செய்யும், மண்ணைத் தொட்டுப் பார்த்தால்தான் எது என்று தெரியும். இப்படி எழுதினால் இரண்டு வரி ஒரு பத்தி ஆகிவிடும், நீங்கள் எடுத்த இரண்டு படமும் அதோடு சேரும்: வேர் அழுகிய செடி ஒன்று, காய்ந்த செடி ஒன்று. அந்தப் பக்கம் இனி உங்களுடையது. வாங்கிய மற்றவர்கள் யாரிடமும் அது இருக்காது.

இந்த வேலையை நூறு கட்டுரைக்கும் செய்ய முடியாது என்பீர்கள். வேண்டாமே. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பத்தை எடுத்துச் செய்யுங்கள். மீதியை மின்னஞ்சல் தொடருக்கோ, தளத்தில் சேர்ந்தவர்களுக்குத் தரும் கையேட்டுக்கோ கொஞ்சம் திருத்திப் பயன்படுத்தலாம், அங்கே தேடல் போட்டியே கிடையாது. பிஎல்ஆர் உண்மையில் பொருந்தும் இடம் அதுதான் என்பது என் கருத்து.

கேள்வி: உரிமத்தில் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: உரிமப் பத்திரம் தொகுப்போடு வரும், அதைத் திறக்காமலேயே கட்டுரைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். திருத்தலாமா, உங்கள் பெயரைப் போடலாமா, இலவசமாகக் கொடுக்கலாமா, மறுபடி விற்கலாமா, விற்றால் வாங்கியவருக்கும் திருத்தும் உரிமை போகுமா என்பதைத் தனித்தனியாகப் பாருங்கள். வெறும் மறுவிற்பனை உரிமை என்றால் பெரும்பாலும் ஒரு எழுத்தைக்கூடத் தொட அனுமதி இருக்காது, அதையும் பிஎல்ஆரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எத்தனை பேருக்கு விற்பார்கள் என்று வரம்பு போட்டிருந்தால் நல்லது. உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ள அனுமதி இருப்பதாலேயே மூலக் கட்டுரையின் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது, அதே கட்டுரையைப் போட்ட இன்னொருவர் மேல் புகார் கொடுக்கவும் முடியாது. விற்கிறவரே வேறெங்கோ திருடியதாக இருந்தால்? அதற்குத்தான் முன்பே சொன்ன மேற்கோள் குறித் தேடல், மாதிரிக் கட்டுரையை வைத்து வாங்குவதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள்.

கேள்வி: ஆங்கிலத் தொகுப்பை வாங்கித் தமிழில் மொழிபெயர்த்துப் போட்டால் நகல் பிரச்சினை வராதே?

பதில்: எழுத்து நகலாகத் தெரியாது, உண்மைதான். ஆனால் மொழிபெயர்க்கும் உரிமையை உரிமத்தில் தனியாகப் பாருங்கள், சிலர் அதைக் கொடுப்பதில்லை. எந்திரத்தில் போட்டு எடுத்ததைக் கைபடாமல் ஏற்றினால் அதுவும் மேலே சொன்ன ஸ்பேம் விதியில்தான் வரும், தானியங்கி மொழிபெயர்ப்பையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். நீங்களே உட்கார்ந்து தமிழில் திருப்பி எழுதுவதானால் தாராளமாகச் செய்யுங்கள். தமிழில் நல்ல கட்டுரையே இல்லாத தலைப்புகள் எவ்வளவோ கிடக்கின்றன.

கேள்வி: சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் பற்றிய பிஎல்ஆர் தொகுப்பு கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். யார் எழுதினார், மருத்துவர் பார்த்தாரா, எந்த வருடத்துத் தகவல் என்று உங்களுக்கே தெரியாத ஒன்றை ஒருவர் நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உடல்நலம், பணம் இரண்டிலும் கூகுளும் மற்ற தலைப்புகளைவிடக் கடுமையாகவே எடைபோடுகிறது.

கேள்வி: ஏற்கெனவே ஏற்றிய கட்டுரைகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சர்ச் கன்சோலில் கடந்த சில மாதக் கணக்கை எடுத்து, எந்தப் பக்கத்துக்காவது ஆள் வருகிறார்களா, வெளியிலிருந்து இணைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வருகிற பக்கத்தைத் திருத்தி எழுதுங்கள், முகவரியை மாற்றாதீர்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் நான்கு கட்டுரை இருந்தால் நன்றாக ஒன்றை எழுதி, மற்ற மூன்றின் முகவரிக்கு வருகிறவர்களை நிரந்தரமாக அதற்கே அனுப்பும் 301 திருப்பிவிடல் கொடுங்கள். வாசகருக்குத் தேவைப்படும், தேடலுக்கு வேண்டாம் என்பவற்றுக்கு, தேடலில் காட்டாதே என்று சொல்லும் நோஇன்டெக்ஸ் குறிப்பைப் போடுங்கள். எந்தப் பக்கத்தைத் திறக்கக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் அந்தப் பக்கங்களைச் சேர்த்துத் தடுத்துவிடாதீர்கள். தடுத்தால் கூகுள் பக்கத்தைத் திறக்கவே முடியாது, நீங்கள் போட்ட நோஇன்டெக்ஸ் அதன் கண்ணில் படாது, பக்கம் பட்டியலில் அப்படியே கிடக்கலாம். மிச்சத்தை அழித்துவிடுங்கள். பலன் தெரிய வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்களும் ஆகும்.