பிரிட்டனின் போர்க்கால ரேஷன்: வாசகர் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் ரொட்டிக்கும் ரேஷன் இருந்ததா?

போர் நடந்தவரை இல்லை. 1940 ஜனவரி 8-இல் பேக்கன் (உப்பிட்ட பன்றிக்கறி), வெண்ணெய், சர்க்கரையில் தொடங்கிய ரேஷன், இறைச்சி, டீ, சீஸ் என்று நீண்டுகொண்டே போனது. ஆனாலும் ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் விட்டுவைத்தார்கள். இந்த ஏற்பாட்டிலேயே கெட்டிக்காரத்தனம் அதுதான் என்பேன். வெண்ணெயைக் குறைத்தால் ஜனங்கள் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். ரொட்டியில் கை வைத்தால் பட்டினி. ஆனால் 1942-லிருந்து வெள்ளை ரொட்டி கிடையாது. கோதுமையில் 85 சதவீதத்தை மாவாக்கிச் சுட்ட, பழுப்பேறிய ‘தேசிய ரொட்டி’தான். சத்து அதிகம், ஆனால் பெரும்பாலோருக்கு அது பிடிக்கவில்லை. ரொட்டிக்கு ரேஷன் வந்தது போர் முடிந்தபிறகு, 1946 ஜூலையில்!

ஆளுக்கு வாரத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?

அளவு அடிக்கடி மாறும். பொதுவாக வெண்ணெய் 2 அவுன்ஸ் (ஒரு அவுன்ஸ் சுமார் 28 கிராம்), சர்க்கரை 8 அவுன்ஸ், முட்டை ஒன்று (அதுவும் கடையில் இருந்தால்). டீத்தூள் 2 அவுன்ஸ் என்றால் நாளைக்கு 8 கிராம்தான்; டீ இல்லாமல் பொழுது விடியாத ஊரில் அதை எப்படி ஓட்டினார்களோ! இறைச்சியை மட்டும் எடைக்குப் பதில் விலையால் அளந்தார்கள். போரின் பெரும்பகுதியில் ஆளுக்கு 1 ஷில்லிங் 2 பென்ஸ். மலிவான துண்டாகக் கேட்டு வாங்கினால் சட்டி நிறையும், நல்ல துண்டு என்றால் ஒரு வேளைக்குத்தான் வரும். ஈரல், சிறுநீரகம் போன்றவை ரேஷனுக்கு வெளியே. அதனால் கறிக்கடை வாசலில் வரிசை நிற்கும்.

விவசாயி தன் இஷ்டத்துக்குப் பயிர் செய்ய முடிந்ததா?

முடியாது. ரேஷன் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை. போருக்கு முன் பிரிட்டனின் உணவில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வந்தது; அந்தக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. அதனால் மேய்ச்சல் நிலத்தை உழுது கோதுமையும் உருளைக்கிழங்கும் போடச் சொன்னார்கள். ஒரு ஏக்கர் புல்லை மாட்டுக்குப் போட்டுக் கறியாக்குவதைவிட, அதே ஏக்கரில் கோதுமை விளைத்தால் பல மடங்கு பேர் சாப்பிடலாம். உழுவதற்கு ஏக்கருக்கு 2 பவுண்டு மானியமும் உண்டு. கவுண்டிதோறும் (நம்ம மாவட்டம் மாதிரி) இருந்த போர்க்கால வேளாண் குழு ‘இந்த வயலை உழு’ என்றால் உழத்தான் வேண்டும். சரியாகச் செய்யாதவரை நிலத்தை விட்டே வெளியேற்றும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு இருந்தது. குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் விவசாயிகள். பக்கத்து வயல்காரர் வந்து ‘உன் விவசாயம் சரியில்லை’ என்று தீர்ப்பு சொன்னால் எப்படி இருக்கும்? மனக்கசப்புக்குக் குறைவே இல்லை.

ஆண்கள் போர்முனைக்குப் போனபின் வயல் வேலையை யார் பார்த்தார்கள்?

பெண்கள் நிலப்படையில் ஒரு கட்டத்தில் 80,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். பால் கறப்பது முதல் டிராக்டர் ஓட்டுவது வரை செய்தார்கள். போர்க்கைதிகளும் வேலை செய்தார்கள்.

கேரட் தின்றால் இருட்டில் கண் தெரியும் என்று அரசே சொன்னதாமே?

சொன்னது. வைட்டமின் ஏ குறைபாடு உள்ளவருக்கு மட்டும் அது உண்மை. கேரட் தின்றதால்தான் விமானிகள் இரவில் எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்கிறார்கள் என்ற பேச்சும் இருந்தது; உண்மையில் காட்டிக்கொடுத்தது ரேடார் (ரேடியோ அலைகளால் விமானத்தைக் கண்டறியும் கருவி).

வீட்டில் கோழி வளர்த்தவர்களுக்கு லாபமா?

லாபம்தான். முட்டை ரேஷனை விட்டுக்கொடுத்தால் பதிலுக்குக் கோழித்தீவனம் தருவார்கள். அது மட்டும் போதாது. உருளைக்கிழங்குத் தோலையும் மிச்சம் மீதியையும் வேகவைத்து, அதோடு பிசைந்து போடுவார்கள். கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டால் அப்புறம் அடிக்க வேண்டியதுதான். அந்தக் கறிக்குக் கூப்பன் தேவையில்லை.