மிசிசிப்பி ஆற்றின் இழுவைப் படகுகளில் வேலை எப்படி இருக்கும்?

இழுவைப் படகு என்று பெயர்தான். அது எதையும் இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. செயின்ட் லூயிஸில் டீசல் எஞ்சின் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தபோது அப்படி ஒரு படகில் ஒன்பது நாள் போனேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

எங்களுக்கு முன்னால் 15 பார்ஜுகள், அதாவது எஞ்சின் இல்லாத தட்டையான சரக்குப் படகுகள், மூன்று மூன்றாக ஐந்து வரிசை. ஒன்றின் நீளம் 195 அடி. அதில் சுமார் 1,500 டன் சோளம். எல்லாவற்றையும் ஒரே உடம்பாகப் பிணைத்திருப்பவை இரும்பு வடங்கள் மட்டுமே. தேருக்காவது முட்டுக்கட்டை உண்டு. இதற்கு அதுவும் கிடையாது; எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டினாலும் நிற்பதற்கு வெகுதூரம் பிடிக்கும்.

படகில் ஒன்பது பேர். ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு, இப்படியே 28 நாள். அந்த ஆறு மணிக்குள் சாப்பிட்டு, குளித்து, அதிரும் கட்டிலில் தூங்கவும் வேண்டும். நான்கு மணி நேரத் தூக்கம் கிடைத்தால் பெரிது.

கேப்டன், பைலட் இருவரைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். என் மனதில் நிற்பவர்கள் தளப் பணியாளர்கள். கிளார்க்ஸ்வில் நீர்ப்பூட்டுக்கு இரவு ஒரு மணிக்கு வந்தோம். நீர்ப்பூட்டு என்பது இரு முனையிலும் கதவுள்ள பெரிய தொட்டி; உள்ளே தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ படகை ஆற்றின் அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும். பைலட்டுக்கும் பார்ஜுகளின் முன்முனைக்கும் இடையே கிட்டத்தட்ட ஆயிரம் அடி. முனையில் நின்ற இளைஞன் வாக்கிடாக்கியில் "சுவருக்கு இருபது அடி... பத்து... ஐந்து" என்று சொல்லச் சொல்ல, அந்தக் குரலை நம்பியே பைலட் உள்ளே செலுத்தினார்.

பூட்டின் நீளம் 600 அடிதான். அதனால் முதல் ஒன்பது பார்ஜுகளை அவிழ்த்து உள்ளே விட்டுவிட்டு, மற்ற ஆறோடு படகு பின்வாங்கியது. அந்த ஒன்பதும் இறங்கியதும், வடம் சுற்றும் எந்திரமான வின்ச் அவற்றை வெளியே இழுத்தது. தொட்டியில் மறுபடி தண்ணீர் நிரம்பிய பிறகே எங்கள் முறை. கீழே போய் மீண்டும் பிணைக்கும்போது அதே இளைஞன் வடத்தை இறுக்கும் ராட்செட்டில் இரும்புக் குழாயைச் செருகி, முழு எடையையும் போட்டு முறுக்கினான். வடம் கிரீச்சிட்டது. பிரிந்த கம்பியிழை ஒன்று தோல் கையுறையைத் துளைத்து உள்ளங்கையில் ஏறியிருந்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த வடத்துக்குப் போனான்.

முடிக்க மூன்று மணியாகிவிட்டது. அடுத்த நீர்ப்பூட்டு 32 மைல் தள்ளி, வின்ஃபீல்டில். அதுவும் 600 அடிதான்.