தீபாவளிக்குப் பரிசு தேடுபவர் உங்கள் விளம்பரத்தை ஏன் தாண்டிப் போகிறார்?

வாசகர் கேள்வி: கும்பகோணத்தில் பித்தளைக் கடை வைத்திருக்கிறேன். இணையத்திலும் சின்ன விளக்கு, குங்குமச்சிமிழ், பரிசு செட் விற்கிறேன். போன தீபாவளிக்கு கூகுள் தேடல் விளம்பரத்துக்கு 14,000 ரூபாய் செலவழித்தேன். கிளிக் நிறைய வந்தது, ஆர்டர் ஆறே ஆறு. நான் போட்ட வரி: "தரமான பரிசுகள், நியாயமான விலை". எங்கே தப்பு?

அந்த வரியிலேயேதான். அதைக் கேக் கடையும் போடலாம், கவரிங் நகைக் கடையும் போடலாம். சாதாரண நாளில் விளக்கு தேடுபவருக்கு விளக்கு வேண்டும். ஆனால் தீபாவளிக்கு முன்னால் பரிசு தேடுபவருக்கு என்ன வாங்குவது என்பதே தெரியாது, கையில் இவ்வளவு பணம், இத்தனை பேருக்குக் கொடுக்கணும், நாளுக்குள் வந்து சேருமா என்ற கவலைதான் இருக்கும். அதனால் விலை, தேதி, பேக்கிங் மூன்றையும் விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். விலை போட்டால் ஆள் ஓடிவிடுவாரே என்று பயப்படாதீர்கள். ஓடட்டும், கிளிக்குக்குத்தானே காசு கொடுக்கிறீர்கள், 200 ரூபாய்க்குத் தேடுபவர் கிளிக் செய்யாமல் போவது உங்களுக்கு லாபம்.

இப்படி எழுதலாம்: "பித்தளை விளக்கு ரூ.499 முதல்", "நவ.2 வரை ஆர்டர் ஏற்கிறோம்", "பெயர் பொறித்துத் தருவோம்". ஒரு தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம், விளக்க வரிக்கு 90. தமிழில் இது இன்னும் இறுக்கம், ஏனென்றால் புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். கண்ணுக்கு நான்கெழுத்தாகத் தெரியும் "பித்தளை" அங்கே ஏழு. தலைப்புகள் 15 வரை கொடுக்கலாம், எதை எதனோடு சேர்த்துக் காட்டுவது என்பதை கூகுளே முடிவு செய்யும், ஆகவே விலை வரியை மட்டும் முதல் இடத்தில் "பின்" (pin) செய்து, அதாவது இடம் மாறாதபடி நிறுத்தி வையுங்கள். தலைப்பில் ஆச்சரியக்குறி போடாதீர்கள், "அதிரடி!!!" என்று எழுதினால் நிராகரித்துவிடுவார்கள். உங்கள் விளக்கு நிஜமாகவே நாச்சியார்கோயிலில் வார்த்தது என்றால் அந்த ஊர்ப் பெயரைக் கண்டிப்பாகச் சேருங்கள், புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. இல்லையென்றால் வேண்டாம்.

இனி பணம் எங்கே போனது என்று பார்ப்போம். கூகுள் விளம்பரக் கணக்கைத் திறந்து "தேடல் சொற்கள்" அறிக்கையைப் பாருங்கள், என்ன தேடியவர்களுக்கு உங்கள் விளம்பரம் போனது என்பது அதில் தெரியும். என்னிடம் வரும் பித்தளைக் கடைக்காரர்களின் அறிக்கையில் தவறாமல் இருப்பது "பழைய பித்தளை கிலோ என்ன விலை". பாத்திரத்தை எடைக்குப் போட நினைப்பவர் உங்கள் காசில் கிளிக் செய்துவிட்டுப் போயிருக்கிறார்! அப்புறம் "தீபாவளி வாழ்த்து இமேஜ்", "வீட்டிலேயே கிஃப்ட் செய்வது எப்படி". பழைய, கிலோ, ஸ்கிராப், இமேஜ், வாழ்த்து, எப்படி, இதையெல்லாம் நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது இந்தச் சொல்லோடு தேடினால் விளம்பரத்தைக் காட்டாதே என்று போடுங்கள். தமிழிலும் போடணும், ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்களுக்காக அப்படியும் போடணும். வாழ்த்து என்று போட்டால் வாழ்த்துகள் தானாகச் சேராது, அதையும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஆபீஸுக்கு மொத்தமாக வாங்குபவர்களை இதோடு கலக்காதீர்கள். அவர்கள் பல வாரம் முன்பே முடிவு செய்துவிடுவார்கள், தேடும் சொல்லும் வேறு: "கார்ப்பரேட் கிஃப்ட் 500 ரூபாய்க்குள்". அவர்களுக்குத் தனி விளம்பரம் போட்டு, குறைந்தது எத்தனை எடுக்கணும், ஜிஎஸ்டி பில் உண்டா என்பதை எழுதுங்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்பத் தேடும் பிள்ளைகளுக்கும் தனியாக ஒன்று போடலாம். அவர்களுக்கு 499ஆ 599ஆ என்பது பெரிய விஷயமில்லை, வெளிநாட்டு கார்டு எடுக்குமா, வீட்டு வாசலில் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி.

கிளிக் செய்தவர் கடையின் முகப்புப் பக்கத்தில் போய் விழக்கூடாது. 499 என்று சொன்னால் அந்த 499 ரூபாய் விளக்கு இருக்கும் பக்கமே திறக்கணும்.

தினசரி பட்ஜெட் 500 என்று வைத்தாலும் ஒரே நாளில் 1,000 வரை போகலாம், விதியே அப்படி. மாதக் கணக்கில் தினசரி பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டாது, ஆனால் தீபாவளிக்காகப் பத்து நாள் மட்டும் ஓட்டினால் அது பெரிய ஆறுதல் இல்லை, அதனால் தினமும் ஒருமுறை பாருங்கள்.

"இன்னும் 3 நாள்" என்று தானே குறையும் கவுண்ட்டவுன் வரி வைக்கிறீர்கள் என்றால், முடிவுத் தேதியாகத் தீபாவளியைப் போடாதீர்கள், கூரியர் கடைசியாகச் சரக்கு எடுக்கும் நாளைப் போடுங்கள். அந்த நாள் தாண்டியதும் வெளியூர் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, கும்பகோணம், தஞ்சாவூர் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் "இன்றே கடையில் வாங்கலாம்" என்று ஒன்றை ஓட விடுங்கள். அதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி வைத்துவிடுங்கள், பரிசீலனைக்கு ஒரு வேலை நாள் ஆகலாம், கடைசி நேரத்தில் அதற்காகக் காத்திருக்க முடியாது.