மேனேஜருக்குப் பெரிய 'எம்' போட வேண்டுமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்தவள். ஆங்கிலத்தில் மெயில் எழுதும்போது எந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவது என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். சந்தேகம் வந்தால் பெரிய எழுத்தே போட்டுவிடுவேன். போன வாரம் புதிதாக வந்த மேலதிகாரி என் மெயிலில் இருந்த 'மேனேஜர்', 'லீவ்', 'சேலரி', 'இன்வாய்ஸ்' எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கித் திருப்பி அனுப்பினார். மேனேஜரைச் சின்ன எழுத்தில் எழுதினால் மரியாதைக் குறைவாகாதா?

பதில்: குழப்பத்தின் வேர் உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. மரியாதையை 'வந்தார்', 'சொன்னாங்க' என்று விகுதியில் ஏற்றிவிடுகிறோம். ஆங்கில வினைச்சொல்லில் அந்த 'ஆர்' இல்லை. அதனால் நம் கை பெரிய எழுத்தைப் போட்டு அந்தக் குறையை ஈடுகட்டப் பார்க்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தின் முக்கிய வேலை, 'இது பெயர்' என்று காட்டுவது. திருடனாக இருந்தாலும் அவன் பெயருக்குப் பெரிய எழுத்துதான்.

'ஐ மெட் தி டாக்டர்' என்றால் டாக்டர் ஒரு தொழில், சின்ன எழுத்து. 'டாக்டர் மீனா' என்றால் அது பெயரோடு ஒட்டிவிட்டது, பெரிய எழுத்து. 'மை மதர்' என்பதில் மதர் சின்ன எழுத்து. 'மை' இல்லாமல், அம்மாவைப் பெயர் போலவே குறிப்பிட்டு 'ஐ ஆஸ்க்டு மதர்' என்று எழுதினால் பெரிய எழுத்து. உறவுமுறைக்கும் தொழிலுக்கும் முன்னால் 'மை', 'அவர்' ('எங்கள்' என்னும் ஆங்கிலச் சொல்), 'எ', 'தி' நின்றால் பெரும்பாலும் சின்ன எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 'அவர் மேனேஜர்' அப்படித்தான்.

'பெரும்பாலும்' என்றதற்குக் காரணம் உண்டு. பெரிய பதவிகள் விஷயத்தில் ஆங்கிலேயர்களுக்குள்ளேயே ஒருமித்த வழக்கம் இல்லை. லண்டனின் 'கார்டியன்' நாளிதழ் பிரதமர் பதவியைக்கூடச் சின்ன எழுத்தில்தான் அச்சிடுகிறது. நம்மூர் ஆங்கில நாளிதழ்களிலோ முதலமைச்சரும் கலெக்டரும் பெரிய எழுத்தில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் தவறில்லை. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலந்தால்தான் உறுத்தும். மெயிலின் கீழே பெயருக்கு அடியில் போடும் பதவிக்குப் பெரிய எழுத்தே வழக்கம்.

உங்கள் வேலையில் அடிக்கடி வருவது இதுதான்: 'பொங்கல் லீவ்', 'தீபாவளி போனஸ்'. பண்டிகைக்குப் பெரிய எழுத்து, பின்னால் வரும் லீவுக்கும் போனஸுக்கும் சின்ன எழுத்து. 'தி பேங்க்' என்றால் சின்ன எழுத்து. 'ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா' என்று முழுப்பெயர் வந்தால், 'ஆஃப்' தவிர எல்லாம் பெரிய எழுத்து. 'டிடிஎஸ்' என்ற சுருக்கம் முழுக்கப் பெரிய எழுத்தில் இருப்பதால் அதன் விரிவையும் அப்படியே எழுதுகிறவர்கள் ஏராளம். 'டாக்ஸ் டிடக்டட் அட் சோர்ஸ்' ஒரு சாதாரணச் சொற்றொடர். வாக்கியத்தின் நடுவில் நான்கு சொல்லும் சின்ன எழுத்தில் வரலாம்.

கிழமை, மாதம், மொழி, நாடு ஆகியவற்றுக்குப் பெரிய எழுத்து. 'சம்மர்', 'விண்டர்' போன்ற பருவங்களுக்கு வேண்டாம். பயோடேட்டாவில் படித்த பாடங்களை வாக்கியமாக எழுதினால் தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் உண்டு, மேத்ஸுக்கு இல்லை. எழுத்தின் அளவு மாறினால் பொருளே மாறும் சொற்களும் உண்டு: 'சைனா' பெரிய எழுத்தில் நாடு, சின்ன எழுத்தில் பீங்கான். 'டர்க்கி' பெரிய எழுத்தில் நாடு, சின்ன எழுத்தில் வான்கோழி.

'நான்' என்னும் 'ஐ' மட்டும் எங்கே வந்தாலும் பெரிய எழுத்து. தன்னைத்தானே உயர்த்திக்கொள்வது போலத் தோன்றும். ஆனால் 'மீ', 'மை' எல்லாம் சின்ன எழுத்துதானே! பழைய ஆங்கிலத்தில் 'இச்' என்றிருந்த சொல் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியபோது, கையெழுத்துப் படியில் கண்ணில் படாமல் போகக் கூடாதென்று நீட்டி எழுதினார்கள் என்பது பரவலான விளக்கம்.

'டியர் சர்' என்று தொடங்கும்போது இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து. வாக்கியத்துக்குள் 'தேங்க் யூ, சர்' என்றால் சர் சின்ன எழுத்து, மரியாதை போய்விடாது. 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி'யில் முதல் சொல்லுக்கு மட்டும். பான் கார்டு விண்ணப்பத்தை முழுக்கப் பெரிய எழுத்தில் நிரப்பச் சொல்வது எழுத்துகள் தெளிவாகத் தெரிவதற்காக. அதே பழக்கத்தில் மெயிலையும் எழுதினால் கத்துவது போல இருக்கும்.

ஒரு ஆறுதல்: 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் மூலப்படியில் பெரும்பாலான பெயர்ச்சொற்கள் பெரிய எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஜெர்மானியர்கள் இன்றும் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நீங்கள் இருநூறு ஆண்டு தாமதமாக எழுதுகிறீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் மேலதிகாரி திருத்திய நான்கும் சரி. அதே வேகத்தில் 'பொங்கல்' என்பதையும் சின்ன எழுத்தாக்கியிருக்கிறாரா என்று ஒருமுறை பாருங்கள். ஆக்கியிருந்தால் அதை மட்டும் திருத்தித் திருப்பி அனுப்பலாம்.