பாண் விலைதான் மன்னரைக் கவிழ்த்ததா?

கேள்வி: பாண் விலை ஏறியதால்தான் 1789இல் பிரான்சில் புரட்சி வந்தது என்று எங்கள் டியூஷன் சேர் சொல்கிறார். பசிக்காக ஒரு முடியாட்சியே கவிழுமா?
– ஓ/எல் மாணவி, வெள்ளவத்தை

பதில்: சேர் சொன்னது பாதி சரி, மகள். 1788 ஜூலையில் ஆலங்கட்டி மழை கோதுமையை அடித்துப்போட, அதன் பின் வந்த கடுங்குளிரில் ஆறுகளே உறைந்துபோக, அடுத்த ஆண்டு பாரிஸ் கூலித் தொழிலாளியின் நாள் சம்பளத்தில் பாதிக்கு மேல் பாணுக்கே போனது. ஆனால் பஞ்சம் அதற்கு முன்பும் வந்ததுதானே, அப்போதெல்லாம் அரசர் அசையவில்லையே!

இம்முறை கஜானாவும் காலி. அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டனைப் பழிவாங்கப் போய்க் கடன்மேல் கடன். 1788இல் அரசுச் செலவில் ஏறக்குறைய பாதி கடனுக்கே. சரி, வரி போடலாம் என்றால், காணி வைத்திருந்த பிரபுக்களுக்கும் குருமாருக்கும் முக்கியமான நேரடி வரியில் விலக்கு. ஏழைக்கோ உப்புக்கும் வரி. பல மாகாணங்களில் எட்டு வயது தாண்டிய ஒவ்வொருவரும், வேண்டுமோ வேண்டாமோ, அரசு சொன்ன அளவு உப்பை அரசு சொன்ன விலைக்கு வாங்கியே ஆகவேண்டும்.

என்னைக் கேட்டால், முதலில் மூட்டிவிட்டவர்கள் வக்கீல்களும் படித்த நடுத்தரத்தாரும்தான். கையில் காசு இருந்தும் பிறப்பால் கீழே. அரசர் கூட்டிய நாட்டுப் பேரவையில் குருமார், பிரபுக்கள், மற்ற எல்லோரும் என்று மூன்று சபைகள்; சபைக்கு ஒரு வாக்கு என்பதால் மூன்றாவது சபையான இவர்கள் எப்போதும் 2க்கு 1 என்று தோற்கவேண்டிய நிலை. பசி அவர்களோடு வந்து சேர்ந்துகொண்டது. 1789 அக்டோபரில் பாரிஸ் பெண்கள் மழையில், அரச மாளிகை இருந்த வெர்சாய்க்கு நடந்தே போய், அரச குடும்பத்தையே தலைநகருக்குக் கூட்டிவந்துவிட்டார்கள்.

அப்புறம், பாண் இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும் என்று அரசி சொன்னதாகப் பரீட்சையில் எழுதிவிடாதீர்கள், அதற்கு ஆதாரமே இல்லை.