எம்-1 அரியரும் பிளஸ் ஒன் புத்தகமும்

தம்பி, கொஸ்டின் பேப்பரைப் பார்த்ததும் கை வியர்த்து, முந்தின நாள் போட்ட கணக்கே மறந்துபோனது என்றாய். இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் கணிதமான எம்-1-ல் ஃபெயிலாகி அரியர் விழுந்ததும் 'எனக்கு மூளை அவ்வளவுதான், பி.காம். மாறிவிடவா?' என்று கேட்கிறாய். அதை அப்புறம் பேசலாம். (பி.காமிலும் புள்ளியியல் உண்டு.)

கணக்குப் போடும்போது இடையில் வரும் எண்களையும் குறிகளையும் மனதில் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கிறோம். அந்த இடம் ரொம்பச் சின்னது. 'போச்சு, ஃபெயில்தான்' என்கிற நினைப்பு அங்கே வந்து உட்கார்ந்துவிட்டால் கணக்குக்கு இடமில்லை. மார்க் ஆஷ்கிராஃப்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் 2001-ஆம் ஆண்டு ஆய்வு சொன்னதும் இதைத்தான்.

ஆனால் பழியெல்லாம் பயத்தின்மேல் போட முடியாது. உங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் ஜூலையிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிட்டதாகச் சொன்னாயே, ஓட்டை அங்கேதான். அணிக்கோவை, எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாம் பதினோராம் வகுப்புப் பாடங்கள். எம்-1-ல் அணிகளுக்குக் கண்டுபிடிக்கச் சொல்லும் ஐகன் மதிப்பு வரவில்லை என்கிறாய். நீ போட்டுக் காட்டிய தாளில் ஐகன் வரைக்கும் நீ போகவே இல்லை. அதற்கு முன் வரும் மூன்றுக்கு மூன்று அணிக்கோவையை விரிக்கும்போதே முதல் வரிசையின் நடு உறுப்புக்கு மைனஸ் போட மறந்திருக்கிறாய். அதற்குப் பிறகு அதே பாடத்தின் கேலி-ஹாமில்டன் தேற்றமே வந்தாலும் காப்பாற்ற முடியாது.

அரசு பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியை எடு. வெட்கப்படாதே, விடுதியில் யாரும் பார்க்கக் கூடாதென்றால் அட்டை போட்டுக்கொள். மூன்று வாரம், தினமும் முக்கால் மணி நேரம். எடுத்துக்காட்டுக் கணக்கைப் படித்துவிட்டு 'புரிந்துவிட்டது' என்று அடுத்ததற்குப் போகாதே. புத்தகத்தை மூடிவிட்டு நீயே போடு. நின்றுபோகிற வரியில் சிவப்பு மையால் கோடு போட்டு வை.

தேர்வன்று ஹாலுக்குள் போகும் முன் பத்து நிமிடம் உன் பயத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கிழித்துப் போடு. அப்படிப் பயத்தை எழுதிய மாணவர்கள் தேர்வை மேலாகச் செய்ததாக 2011-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. உள்ளே போனதும் இரண்டு மதிப்பெண் கேள்விகளில் தெரிந்ததை முதலில் முடி.

வேலைக் கவலையும் இருக்கும். பல கம்பெனிகள் பார்ப்பது ஸ்டாண்டிங் அரியர், அதாவது இன்னும் முடிக்காத அரியர், இருக்கிறதா என்பதைத்தான். முடித்துவிட்ட பழைய அரியரைக் கேட்பவர்களும் உண்டு, மறைக்க மாட்டேன். முதல் செமஸ்டரில் விழுந்ததை அடுத்த முறையே முடித்துவிட்டால் அதை விளக்கிச் சொல்வது எளிது.

மூன்று வாரம் கழித்து வா. சிவப்புக் கோடு போட்ட நோட்டையும் மறக்காமல் எடுத்து வா, எந்த வரியில் நிற்கிறாய் என்று பார்க்க வேண்டும்.